கடல் கடந்த கல்வி உறவு

கல்விக்கு எல்லைக் கோடு இல்லை. மலையும் கடலும் மக்களைப் பிரிக்கலாம். சட்டமும் ஆட்சியும் நாடுகளைப் பிரிக்கலாம். கற்பிப்பார்க்கும் கற்பார்க்கும் இடையே தோன்றும் உறவை அவை பிரித்தல் அரிது. ஆயினும், அவ்வுறவு எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும். ஒருவர் கொடுக்க மற்றவர் கைநீட்டிக் கொள்ளுவது மட்டுமே உறவாகி விடுமா? இருவரும் கொடுத்து இருவரும் கொள்ளுவது அன்றோ உறவு?

இவ்வினாவை எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஒரு நாட்டுப் பள்ளி வேற்று நாட்டுப் பள்ளியோடு நட்புப் பூண்டு, இரு பள்ளி மாணவரும் தம்முள் மடல் எழுதியும், கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசியும், ஒருவர் ஊரை ஒருவர் சென்று கண்டும் பழகும் முறை இந்நாளில் பெருகி வருகிறது. அதனை 'உலகக் குடிமை' வளர்க்கும் கல்வி என்று போற்றுகின்றனர். குர்லாவிலும், அண்டை இடங்களாகிய செம்பூர், மாதுங்கா, தாராவி ஆகியவற்றிலும் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இவ்வாய்ப்பு இன்றோ நாளையோ வரும். வரும்போது நாம் எதனைக் கேட்டுப் பெற வேண்டும்? எதனை இழக்காமல் காக்க வேண்டும்?

இதற்கு விடை காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் இத்தகைய உறவு ஒன்றில் வாழ்ந்து பார்த்திருக்கின்றனர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் நிகழ்ந்த அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

சென்னைச் சரக்கும் ஒரு கல்லூரியின் பெயரும்

அமெரிக்கருக்கும் தமிழ்நாட்டிற்கும் இடையேயுள்ள கல்வித் தொடர்பு யாழ்ப்பாணத்திற்கும் முந்தியது. 1649-இல் பாஸ்டன் நகரிற் பிறந்து, இளமையிலேயே இங்கிலாந்து சென்று, பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஊழியராய்ச் சென்னைக்கு வந்தவர் எலிகு யேல் என்பவர். 1687 முதல் 1692 வரை அவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராய் விளங்கினார். துணி, வைரம் முதலிய வாணிகங்களால் பெரும்பொருள் ஈட்டினார். அந்நாளில் அக்கோட்டையில் அடிமை வாணிகமும் நடைபெற்றது என்பதை மறைத்தல் ஆகாது.

இங்கிலாந்து திரும்பி வாழ்ந்த அவர், 1718-இல், அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியிற் பொருளின்றி இடர்ப்பட்ட சிறு கல்லூரி ஒன்றிற்கு ஒன்பது பொதி சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பிவைத்தார். சரக்கு விற்ற பணம் கல்லூரிக் கட்டடத்திற்கு உதவிற்று. கல்லூரியார் நன்றியுணர்வால் அவர் பெயரையே அதற்கு இட்டனர். யேல் பல்கலைக்கழகம் பெயர் பெற்ற வரலாறு இதுவே. சோழமண்டலக் கரையிலே தறியில் அமர்ந்து துணி நெய்தவர் பெயரை எந்தக் கட்டடமும் தாங்கவில்லை. பொருள் அளிப்பவர் பெயர் நிலைக்கிறது. உழைத்தவர் பெயர் மறைகிறது. இதனை நினைவில் இருத்தி மேலே செல்வோம்.

ஒரு கப்பல், இரு துறைமுகங்கள்

ஒரு நூற்றாண்டு கழிந்தது. இம்முறை அமெரிக்கரே கீழ்த்திசை நோக்கி வந்தனர். கார்டன் ஹால், சாமுவேல் நாட் என்னும் இரு கிறித்தவத் தொண்டர் 1813-இல் நம் பம்பாயில் வந்து இறங்கினர். அவர்தம் தோழர் சாமுவேல் நியூவெல், மொரீசியசுத் தீவில் தம் மனைவியை இழந்து, தனியராய் இலங்கை சென்றார். யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே சில காலம் தங்கிய அவர், தம் நாட்டார் பணிபுரிய அஃது ஏற்ற இடம் என்று எழுதினார். பின்னர் அவர் பம்பாய்க்கு வந்து தோழரோடு சேர்ந்து உழைத்து, 1821-இல் இந்நகரிலேயே உயிர் நீத்தார். யாழ்ப்பாணத்து அமெரிக்கப் பள்ளிகளுக்கு வித்திட்ட ஒருவர் பம்பாய் மண்ணில் மறைந்தார் என்பது இங்கு வாழும் நமக்கு அறியத்தக்க செய்தியாகும்.

1815 அக்டோபர்த் திங்களில் 'டிரையாட்' என்னும் கப்பல் அமெரிக்காவின் நியூபரிபோர்ட் துறையினின்றும் புறப்பட்டு, 1816 மார்ச்சுத் திங்களிற் கொழும்பை அடைந்தது. அதில் வந்தோருள் பார்ட்வெல் என்பவர் அச்சுத் தொழிலை மேற்கொண்டு பம்பாய்க்கு வந்தார். டேனியல் பூர், மெய்க்ஸ், ரிச்சர்ட்ஸ், வாரன் ஆகிய நால்வரும் யாழ்ப்பாணம் சென்றனர். ஒரே கப்பலின் மக்கள் ஒருபால் மராத்தியர்க்கும் ஒருபால் தமிழர்க்கும் பள்ளி நடத்தப் பிரிந்தனர் எனலாம்.

அவர்கள் வந்த நோக்கம் சமயப் பரப்புதலே. கல்வி அதற்குத் துணையாக வந்தது. இதனை அவர்களே ஒளிக்கவில்லை. நாமும் ஒளிக்க வேண்டுவதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திற்கு ஒரு தனி இயல்பு உண்டு. அதைத் தொடங்கியவர் நோக்கத்தோடு அது நின்றுவிடுவதில்லை. அங்கே கற்றவர் நோக்கத்தால் அது வளர்கிறது.

வட்டுக்கோட்டையும் உடுவிலும்

தெல்லிப்பழையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் முதலிற் சிறு பள்ளிகள் எழுந்தன. 1823-இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கென ஒரு செமினரி தோன்றிற்று. டேனியல் பூர் 1835 வரை அதன் தலைவராய் இருந்தார். பின்னர் ஹொய்சிங்டன் தலைமை ஏற்றார். அங்கே ஆங்கிலம், கணிதம், வானநூல், தருக்கம் முதலியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களும் வடமொழியும் கற்பிக்கப்பட்டன. ஹொய்சிங்டன் நம்மவர் வானநூற் கணிப்பு முறைகளைத் தாமே கற்று, 1848-இல் அதுபற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்டார். இலங்கை அரசின் செயலாளராய் இருந்த எமர்சன் டென்னன்ட், 1850-இல் வெளிவந்த தம் நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்று வட்டுக்கோட்டையைப் பாராட்டினார்.

பெண் கல்வியும் பின்தங்கவில்லை. 1824-இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்கள் தங்கிப் பயிலும் பள்ளியைத் தொடங்கினார். அதே 1824-இல் பம்பாயிலும் அமெரிக்கத் தொண்டர் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். உடுவிற் பள்ளியில் எலைசா அக்நியூ அம்மையார் 1840 தொடங்கி ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல் பணிபுரிந்தார். தாய் கற்றபின் மகளும், மகள் கற்றபின் பேர்த்தியும் அவரிடமே பயின்ற குடும்பங்கள் உண்டு.

பெயர் மாறிய பிள்ளைகள்

இப்பள்ளிகள் நடக்கப் பொருள் வேண்டுமே! அமெரிக்காவில் இருந்த சிற்றூர்க் கோயில்களும், மாதர் கழகங்களும், தனிக் குடும்பங்களும் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி, ஒரு பிள்ளையின் படிப்பைத் தாங்கின. அங்ஙனம் தாங்கியோர் தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்கு இடலாம் என்பது வழக்கமாயிற்று. தம் ஊர்ப் போதகர் பெயரையோ, இறந்துபோன உறவினர் பெயரையோ அவர்கள் எழுதி அனுப்பினர். கடலுக்கு இப்பால், முருகனும் கந்தனும் வேலனும் என்று வழங்கிய குடும்பங்களிலே, அமெரிக்கப் பெயர் தாங்கிய பிள்ளைகள் பலராயினர்.

1841-இல் 'உதயதாரகை' என்னும் இதழ் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக யாழ்ப்பாணத்தில் தோன்றிற்று. அதன் முதல் ஆசிரியர் இருவர்: ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைக் கண்டோர் வெள்ளையர் என்றே கருதுவர். இருவரும் வட்டுக்கோட்டையிற் பயின்ற தமிழர்!

கொடுத்தவர் தீய எண்ணத்தாற் பெயரிட்டனர் என்று நாம் கூறவில்லை. தொலைவில் உள்ள ஒரு பிள்ளையைத் தம் வீட்டுப் பிள்ளையாய் எண்ணும் அன்பு அதில் இருந்தது. ஆயின், தாயும் தந்தையும் இட்டு அழைத்த பெயரை விட்டுப் பிறர் பெயரைத் தாங்கினால்தான் கல்வி கிட்டும் என்ற நிலை சமநிலை அன்று. நியூ இங்கிலாந்தில் இருந்த குடும்பம் எதுவும் தன் மகனுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் பெயரை இட்டு அழைக்க எண்ணியிராது. உறவு ஒருபக்கமே சாய்ந்து நின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தமிழர் செய்த கைம்மாறு

இனி, அப்பிள்ளைகள் என்ன ஆயினர் என்று காண்போம். இவ்வரலாற்றின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

ஆர்னல்ட் என்னும் பெயர் பெற்ற மாணவர் சதாசிவம்பிள்ளை என்றே தமிழுலகில் நிலைத்தார். உதயதாரகையின் ஆசிரியராய் அமர்ந்த அவர், 1886-இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் நூலை வெளியிட்டு, தமிழ்ப் புலவர் 400-க்கு மேற்பட்டோரின் வரலாற்றைத் திரட்டித் தந்தார். நெவின்ஸ் என்னும் பெயர் பெற்ற சிதம்பரப்பிள்ளை 'நியாய இலக்கணம்' எழுதித் தருக்க நூலைத் தமிழில் விளக்கினார். மைரன் வின்ஸ்லோவின் பெயரால் 1862-இல் சென்னையில் வெளிவந்த தமிழ்-ஆங்கில அகராதியில் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. அப்பெரும்பணியிலும் தமிழறிஞர் உழைப்பு கலந்திருந்தது.

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றி முதன்முதல் பி.ஏ. தேர்வு நடத்தியபோது, தேறியவர் இருவரும் வட்டுக்கோட்டை மாணவரே. ஒருவர் கரோல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை சைவராய் வாழ்ந்து, ஏட்டுச் சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பிக்கும் அரும்பணியில் இறங்கினார். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடும், 1881-இல் வீரசோழியத்தையும், 1887-இல் கலித்தொகையையும் அவர் அச்சேற்றினார். மேனாட்டுக் கல்வி தந்த ஆராய்ச்சி முறை செல்லரித்த ஏடுகளைக் காக்கப் பயன்பட்டது! அமெரிக்கச் சிற்றூரில் காசு கொடுத்தவர் இதனைக் கனவிலும் கண்டிரார்.

வட்டுக்கோட்டைக்கு வெளியேயும் இதன் எதிரொலி எழுந்தது. பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் பயின்று அவருக்குத் துணைபுரிந்த ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பாடநூல், அச்சுக்கூடம், வகுப்பு முறை ஆகிய புதிய கருவிகளை ஏற்றுக்கொண்டு, தம் சமயத்திற்கும் மொழிக்கும் அவற்றைப் பயன்படுத்தினார். கருவியைப் பிறரிடம் பெறலாம். அதனால் எதனைச் செய்வது என்பதைத் தாமே தீர்மானிக்க வேண்டும். இதனை அத்தலைமுறையினர் நமக்குச் செய்து காட்டினர்.

தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர்

மறுபக்கத்திலும் இவ்வுணர்வு பெற்ற ஒருவர் தோன்றினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரினரான சாமுவேல் கிறீன் என்னும் மருத்துவர் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். 1848-இல் மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, இளைஞர்க்கு மருத்துவமும் கற்பிக்கலானார். தொடக்கத்தில் ஆங்கிலமே பயிற்று மொழி. ஆனால் ஆங்கிலம் கற்ற மருத்துவர் ஊர் மக்களை விட்டு நகரங்களுக்கும் அரசுப் பணிகளுக்கும் செல்வதை அவர் கண்டார். எனவே தாமே தமிழ் கற்றார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் பயிற்றினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு, வேதிநூல் ஆகியவை பற்றிய ஆங்கில நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார். 1867-இல் 'இரணவைத்தியம்', 1872-இல் 'மனுஷ அங்காதிபாதம்' எனப் பெருநூல்கள் வெளிவந்தன. அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60-க்கு மேற்பட்டோர். தம் மாணவர் மேனாட்டு உடையும் நடையும் மேற்கொள்வதை அவர் விரும்பவில்லை.

1873-இல் தாய்நாடு திரும்பிய பின்னும் அவர் தமிழ் நூற்பணியை நிறுத்தவில்லை. 1884-இல் காலமான அவருடைய கல்லறையில், தமிழர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் என்னும் பொருளுடைய சொற்கள், அவர் விருப்பப்படியே ஆங்கிலத்திற் பொறிக்கப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அமெரிக்கப் பெயரைத் தாங்கினர். ஓர் அமெரிக்கர் தம் கல்லறையில் தமிழர் பெயரைத் தாங்கினார். உறவு சமநிலை எய்திய இடம் இது.

ஒருவர் கையில் பணப்பை

1855-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைக்கு இருள் சூழ்ந்த ஆண்டாயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் டேனியல் பூர் மானிப்பாயிற் காலமானார். அதே ஆண்டில் பாஸ்டன் தலைமையகத்தினின்றும் ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் குழு ஒன்று வந்தது. ஆங்கிலம் கற்றோர் சமயத் தொண்டை விட்டு அரசுப் பணிகளை நாடுகின்றனர். ஆகவே உயர்கல்விக்குப் பொருள் செலவிடுதல் தகாது என்று அக்குழு கருதிற்று. செமினரி மூடப்பட்டது. பெற்றோர்களும் மாணவர்களும் விரும்பிய ஒரு கல்விக்கூடம், கடலுக்கு அப்பால் எடுக்கப்பட்ட முடிவால் கதவடைத்தது!

ஆயினும் கற்றவர் வாளா இருக்கவில்லை. ஊரார் தொடர்ந்து முயன்றனர். அமெரிக்க நண்பரும் பொருள் திரட்டினர். 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஹேஸ்டிங்ஸ் அதன் முதல் தலைவரானார். உள்ளூரார் பங்கு கொண்டு எழுப்பிய அக்கல்லூரி இன்றும் நின்று நிலவுகிறது. பணப்பை ஒருவர் கையிலே மட்டும் இருந்தால் கல்வி உறவு அவர் மனம்போல் நடக்கும். இருவர் கையும் பட்டால் அது வேரூன்றும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லுதல் முறை. ஒரே பந்தியில் இருந்து உண்ண மாட்டோம் என்னும் சாதிப் பிடிவாதம் அப்பள்ளிகளைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. தாழ்த்தப்பட்ட பிள்ளை வகுப்பில் அமர்ந்தபோது எதிர்த்து எழுந்தவர் கடல் கடந்து வந்தவர் அல்லர், நம்மவரே. வெள்ளையர் வீட்டில் சமநிலை கேட்டவர் தம் வீட்டில் அதனை வழங்கத் தயங்கினர். புறநானூற்றிலே கணியன் பூங்குன்றனார் பாடிய பாட்டை உலக மன்றங்களில் எடுத்துக் காட்டிப் பெருமைப்படும் நாம், இதனையும் நினைந்து நாணுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில்

காலம் மாறியது, உறவின் முறையும் மாறியது. 1881-இல் பசுமலையில் தொடங்கிய மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கு, நாடு விடுதலை பெற்ற பின்னர், அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியினின்றும் இளம் பட்டதாரிகள் வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்தனர். அவர்கள் இங்கு வந்து தமிழர் வாழ்வையும் கற்றுச் சென்றனர். கற்பிக்க வந்தவரே கற்பவராகவும் இருத்தல் புதிய முறையாகும்.

1953-இல் யுனெஸ்கோ நிறுவனம், 15 நாடுகளைச் சார்ந்த 33 பள்ளிகளை ஒன்றிணைத்து, உலகச் சமுதாயத்தில் வாழப் பயிற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. இரு பெரும் போர்களின் அழிவைக் கண்ட உலகம், பகைமையின் வேரைப் பள்ளியிலேயே களைய விரும்பிற்று. இன்று அத்திட்டத்தில் 180-க்கு மேற்பட்ட நாடுகளின் பள்ளிகள் சேர்ந்துள்ளன. அங்கே எவரும் எவருக்கும் பெயரிடுவதில்லை. இது மனித இனம் கற்றுக்கொண்ட நல்ல பாடமாகும்.

குர்லாவில் நாம் செய்யத் தக்கது

இனி நம் வீட்டுக்கு வருவோம். மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, குசராத்தி, உருது, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. இத்தகைய நகர் உலகில் அரிது. மாதுங்காவில் 1932-இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்த பெரியோரும் இங்குப் பிழைக்க வந்தோரே. குர்லாவின் சுதேசி ஆலையில், அஃது ஓடிய நாளில், பல மொழியினர் தோளோடு தோள் நின்று உழைத்தனர். நம் பிள்ளை வெளிநாட்டு மாணவனோடு பேசுவதற்கு முன்னரே, அவனைச் சுற்றி உலகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டு மராத்தி நண்பன் தாய்மொழியை மதித்துக் கற்காத பிள்ளை, பாரிசுக்கும் டோக்கியோவிற்கும் மடல் எழுதுவதால் மட்டும் உலகக் குடிமகன் ஆகிவிட மாட்டான்.

வட்டுக்கோட்டை நமக்கு உணர்த்துவன மூன்று.

முதலாவது, பெயர். பிறர் நாவிற்கு எளிதாக வேண்டும் என்று நம் பிள்ளைகள் தம் பெயரைக் குறுக்கியும் திரித்தும் கொள்ளுகின்றனர். இன்று எவரும் வற்புறுத்தாமலே இது நடக்கிறது. அயல்நாட்டு நண்பன் நம் பெயரைச் சொல்லப் பழகட்டும். நாமும் அவன் பெயரைத் திருத்தமாகச் சொல்லப் பழகுவோம். நட்பின் முதற்பாடம் அதுவே.

இரண்டாவது, மொழி. தாமோதரம்பிள்ளைக்கு ஆங்கிலமும் தெரியும். ஏடும் படிக்கத் தெரியும். ஒன்று மட்டும் தெரிந்திருந்தால் அவரால் கலித்தொகையை உலகிற்கு அளித்திருக்க இயலாது. தமிழ் எழுத்தறியாது வளரும் பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் பெருகி வருகின்றனர். வாரத்தில் ஒரு நாள் நம் சங்கத்தில் நடக்கும் தமிழ் வகுப்பு, உலகக் கல்விக்குத் தடையன்று, அதற்கு நுழைவாயில்.

மூன்றாவது, கொடை. கொள்ளுவதற்கு மட்டும் கை நீட்டும் உறவு நிலைக்காது. வேற்று நாட்டுப் பள்ளியினின்றும் மடல் வரும்போது நம் பிள்ளைக்குச் சொல்ல ஏதேனும் இருத்தல் வேண்டும். பாட்டி பிறந்த ஊர், அவ்வூரை விட்டுக் குடும்பம் புறப்பட்ட காரணம், பம்பாய் வந்து செய்த தொழில், சாளின் தாழ்வாரத்தில் பல மொழியினர் கூடிப் பொங்கல் வைக்கும் வகை ஆகியவை எந்தப் பாடநூலிலும் இல்லை. அவை நம் வீட்டில் உள்ளன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். புலம்பெயர்ந்த வாழ்வு இன்று உலகம் முழுதும் உள்ள வாழ்வு. அதனை அறிந்த பிள்ளையிடம் உலகம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது மிகுதி.

கப்பலில் ஐந்து திங்கள் செலவிட்டு வந்த கல்வி, இன்று இமைப்பொழுதில் வருகிறது. வரும் வேகம் மாறிற்று. வரவேற்கும் முறை மாறவில்லை. நிமிர்ந்த நெஞ்சும் விரிந்த கையும் கொண்டு வரவேற்போம். நம் பிள்ளைகள் தம் பெயரோடும் தம் மொழியோடும் உலகின் முன் நின்று, கொடுத்தும் கொண்டும் வாழ்க!